பக்கத்தில் உட்கார ஒருவர்

(சென்னைப் புறநகரில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஓர் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நண்பர்களை ஆராதனைக்கு அழைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆயர் கேட்டுக்கொண்டார். மயிலாடியிலிருந்து தொடங்குகிறேன்.

மயிலாடி கன்னியாகுமரி மாவட்டத்து ஊர். கல் சிற்பங்களுக்குப் பேர்போனது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அது தென் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்த ஊரில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். பக்தி மிகுந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். திரும்பி வரும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அந்த உறவினர்கள் கிறிஸ்தவர்கள், மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டார் ஆலயத்துக்குப் போனபோது விருந்தாளியும் போனார். அங்கே மிஷனரி கோலாஃப் ஐயருடைய பிரசங்கத்தைக் கேட்டார். பிறகு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு மயிலாடிக்குத் திரும்பினார். தம் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கேட்டதைச் சொன்னார். எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று விடாமல் கேட்டார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே விடைபெற்றுப் போனபோது சபைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில்தான் விட்டுப்போனார். இன்று கன்னியாகுமரிப் பேராயத்தில் இருக்கிற சபைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது.

ரிங்கல்தௌபே பெயரில் நினைவுச் சின்னங்கள் உண்டு, வேதமாணிக்கத்தைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. தஞ்சாவூரில் அந்த உறவினர் வீட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் இன்று பேச விரும்புவது அவர்களைப் பற்றித்தான். அவர்கள் செய்தது என்ன? நடந்து களைத்து வந்த சொந்தக்காரருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். அவர் போய்வந்த யாத்திரையைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தவில்லை. ஞாயிறு வந்ததும், விருந்தாளி இருக்கிறாரே, இந்த வாரம் ஆலயத்துக்குப் போக வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிடவும் இல்லை. வழக்கம்போலப் புறப்பட்டார்கள். அவரையும் கூட்டிக்கொண்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. ஒரு கூட்டம் போடவில்லை, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கவில்லை.

இதை நம்மால் ஏன் செய்ய முடியவில்லை?

நம் வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை வைப்பதற்காகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர்வரை போகிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று போனில் மன்னிப்புக் கேட்கிறோம். குடும்பத்தோடு வந்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்கிறோம். அதே மனுஷரிடம், பத்து வருஷம் ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறோம் என்றுகூடச் சொன்னதில்லை.

காரணம் கேட்டால் இரண்டு சொல்கிறார்கள். ஒன்று, மதம் மாற்றப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இன்றைய நாட்டு நிலைமையில் இது சும்மா வருகிற பயம் இல்லை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று வெட்கம். எங்கள் சபையில் நடக்கிற தேர்தல் சண்டையையும் கோர்ட் கேஸையும் பார்த்த பிறகு எந்த முகத்தோடு வெளியாளை அழைப்பது என்கிறார்கள். அந்த வெட்கம் நல்ல வெட்கம். அது நம்மைத் திருத்தட்டும்.

ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. நமக்கு நண்பர்கள் குறைவு. தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் தருகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு நாம் கேக் தருகிறோம். அந்தப் பழக்கம் நல்லது, இருக்கட்டும். ஆனால் அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாம் ராத்திரி போய்க் கூட இருந்தோமா? நம் மகன் பரீட்சையில் தோற்றதை அவர்களிடம் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறோமா? அந்த அளவுக்குப் பழகியவரை அழைப்பதில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. அவருக்கு நம்மைத் தெரியும். நாம் ஆள் பிடிக்கிறவர்கள் இல்லை என்பதும் தெரியும்.

நம் மண்ணில் பிறந்த ஒரு பெரியவர் இதை உலகத்துக்கே சொன்னார். தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனவர், அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை அனுப்பித் தாங்களே தாங்குவதைக் கண்டார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் பெரிய மிஷன்களின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் ஐரோப்பியர், அமெரிக்கர். இந்தியா, சீனா, ஜப்பானிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவராக நம் அசரியா மேடையேறினார். முப்பத்தைந்து வயது. வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை மூடி மறைக்காமல் பேசினார். நீங்கள் உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இந்தியத் திருச்சபை அதை எந்தக் காலத்திலும் மறக்காது, ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருள்பட முடித்தார். கேட்டவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த மாநாட்டின் தீர்மானங்களைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அசரியா கேட்ட அந்த ஒரு வரம்தான் நூறு வருஷம் தாண்டியும் பேசப்படுகிறது.

அவர் எதைக் குறை சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மிஷனரிகள் சோம்பேறிகள் இல்லை. கடல் தாண்டி வந்தவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், காலராவில் மனைவி மக்களைப் புதைத்தவர்கள். வாரா வாரம் ஆலயத்துக்கு ஜனங்களை அழைத்தவர்களும்கூட. அழைத்த ஜனங்களோடு சமமாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடத்தான் பலரால் முடியவில்லை. எல்லாம் கொடுத்தவர்கள் தங்களைக் கொடுக்கவில்லை. 1912இல் அசரியா தோர்ணக்கல்லில் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. அங்கே தெலுங்குக் கிராமங்களில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தன் தலைமேல் தானே கைவைத்து, இந்த நற்செய்தியை நான் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் அப்போஸ்தலன் எழுதிய பொருளில் வாக்குக் கொடுக்கச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத வயல்கூலிகள்தான் அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? கூட நாற்று நடுகிறவளிடம், கூட மாடு மேய்க்கிறவனிடம். அங்கே நட்பைத் தேடிப் போக வேண்டியதில்லை, வயலிலேயே இருந்தது. அந்தத் திருமண்டலம் அத்தனை வேகமாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு பெயர், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர். மிஷனரி கால்டுவெல் ஐயர் அவரைச் சாயர்புரம் பள்ளிக்குத் தமிழாசிரியராக எடுத்தார். அங்கே அவரைச் சுற்றி மிஷனரிகளும் பிரசங்கங்களும் இருந்தன. ஆனாலும் அவர் வரலாற்றைப் படிக்கிறவர்கள் கண்ணில் படுவது தனக்கோடி ராஜு என்ற நண்பரின் பங்கு. பெரிய பண்டிதர்களிடம் தர்க்கம் செய்யக்கூடிய ஒரு மனிதரை நண்பர் ஒருவரின் உறவும் உரையாடலும் மெல்ல மெல்லத் தொட்டன. 1858இல் சென்னையில் கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் அச்சாகி வந்தது. நமக்கு ஒரு காவியம் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது.

வேதாகமத்திலும் இதே கதைதான். யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்திரேயா தன் சகோதரனைத் தேடிப் போகிறான். பிலிப்பு நாத்தான்வேலைத் தேடிப் போகிறான். நாசரேத்திலிருந்தா நல்லது வரும் என்று நாத்தான்வேல் இளக்காரமாகக் கேட்கிறான். பிலிப்பு நாசரேத்தின் பெருமையைப் பட்டியல் போடவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நீயே வந்து பார்த்துக்கொள் என்று கூப்பிடுகிறான், அவ்வளவுதான். நாலாம் அதிகாரத்துச் சமாரியப் பெண் இன்னும் ஒரு படி மேலே போகிறாள். குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவள் ஊராருக்கு எதையும் அடித்துச் சொல்லவில்லை, அவர்தான் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று கேள்வியாகவே விடுகிறாள். பிற்பாடு அந்த ஊரார் அவளிடம் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இனி நீ சொன்னதற்காக இல்லை, நாங்களே கேட்டு அறிந்தோம் என்கிறார்கள். கூட்டி வந்தவளின் வேலை அத்தோடு முடிந்தது. அவள் ஒதுங்கிக்கொள்ளலாம். நண்பரை அழைக்கிற நாம் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

இங்கிலாந்தில் 2004இல் மான்செஸ்டர் திருமண்டலத்தில், விட்டுப்போனவர்கள் திரும்ப ஆலயத்துக்கு வருவதற்கென்று ஒரு ஞாயிற்றை ஒதுக்கினார்கள். ஒவ்வொரு சபையாரும் தமக்குத் தெரிந்த ஒருவரை நேரில் அழைக்க வேண்டும் என்பதே திட்டம். அது வேறு திருமண்டலங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. நல்ல முயற்சி. நம் சபைகளிலும் அப்படி ஒரு ஞாயிறு வைப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் போஸ்டர் அடித்து, பேனர் கட்டி, சிறப்புப் பேச்சாளரை வரவழைத்து ஆண்டுக்கு ஒருநாள் செய்கிற வேலையில் நாம் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். அடுத்த ஞாயிறு அந்த மனுஷர் பக்கத்தில் யார் உட்காருவார் என்ற கேள்விக்குத்தான் நம்மிடம் விடை இல்லை.

இப்போது நம் ஆலயத்துக்குள் வருவோம். நீங்கள் அழைத்த நண்பர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணால் பார்ப்போம்.

செருப்பை எங்கே விடுவது என்று அவருக்குத் தெரியாது. நம் ஊர்ப்பக்கத்து ஆலயங்களில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கே சிலர் போட்டுக்கொண்டு போகிறார்கள், சிலர் கழற்றுகிறார்கள். அவர் தயங்கி நிற்பார். உள்ளே வந்தால் எந்த வரிசையில் உட்காருவது? ஒரு வரிசையில் உட்கார்ந்ததும், இது எங்கள் வீட்டார் வழக்கமாக உட்காருகிற இடம் என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை நான் பல ஆலயங்களில் கண்டிருக்கிறேன். அதைக் கண்டவர் மறுபடி வரமாட்டார். பிறகு பாமாலை நம்பர் சொல்வார்கள், கீர்த்தனை நம்பர் சொல்வார்கள். கையில் எந்தப் புத்தகமும் இல்லாமல் அவர் நிற்பார். எல்லோரும் முழங்கால் படியிடுவார்கள், அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். காணிக்கைப் பை வரும். எவ்வளவு போடுவது, போடாவிட்டால் தப்பா என்று மனம் பதறும். திருவிருந்து ஞாயிறாக இருந்தால் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போவார்கள். அவர் போகலாமா கூடாதா? நம் சபை ஒழுங்கின்படி திடப்படுத்தல் பெற்றவர்கள்தான் பந்திக்குப் போகிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். அழைத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆராதனை எட்டரைக்கு, நீங்கள் வந்துவிடுங்கள், நான் உள்ளே இருப்பேன் என்று சொன்னால் அது அழைப்பு ஆகாது. அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் கேட்டில் நில்லுங்கள். நீங்கள் பாடகர் குழுவில் இருந்தால் அந்த ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு நண்பரோடு உட்காருங்கள். பாடகர் தலைவர் என்னைக் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. வழியிலேயே சொல்லிவிடுங்கள்: ஒன்றரை மணிநேரம் ஆகும், காணிக்கை நாங்கள் போடுவது, நீங்கள் போட வேண்டியதில்லை, பந்திக்குப் போகிற நேரத்தில் நீங்கள் உட்கார்ந்தபடியே இருக்கலாம், நானும் அன்றைக்கு உங்களோடே இருப்பேன். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காருகிற சபையானால், அவர் மனைவிக்குத் துணையாக உங்கள் வீட்டு அம்மா இருக்கட்டும்.

ஆயர் அவர்களிடமும் சேகரக் கமிட்டியாரிடமும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்லுங்கள் என்று மைக்கில் கேட்பதை நிறுத்திவிடுங்கள். அன்பில்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் முந்நூறு பேர் திரும்பிப் பார்க்க எழுந்து நிற்பது கூச்ச சுபாவம் உள்ள ஒருவருக்குத் தண்டனை. இன்னொன்று, அறிவிப்புகள். சங்கக் கூட்டங்கள், சந்தா பாக்கி, பிறந்தநாள், திருமணநாள் என்று இருபத்தைந்து நிமிஷம் ஓடுகிறது. பிறந்தநாளுக்கு ஜெபிப்பது நல்லது, அதை விடச் சொல்லவில்லை. சந்தா பாக்கி நோட்டீஸ் போர்டில் இருந்தால் போதும்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் பிரதிஷ்டைப் பண்டிகை நாளில் சொல்லாவிட்டால் வேறு என்றைக்குச் சொல்வது?

நாம் அழைத்துவந்த ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நம் சொந்தக்காரர்கள், நம் ஊர்க்காரர்கள், வெளியே சொல்லாவிட்டாலும் நம் சாதிக்காரர்கள். இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளிலேயே சாதிவாரியாக உட்காருகிற வழக்கம் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது, எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பந்தியில் சேர வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். அதை ஏற்க மாட்டாமல் எத்தனையோ பேர் சபையை விட்டே போனார்கள். கிறிஸ்துவை விட முடிந்தது, பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்காருவதைத் தாங்க முடியவில்லை. இன்றைக்குச் சட்டமாக எந்த வரிசையும் பிரிக்கப்படவில்லை. ஆனால் நாம் யாரை அழைக்கிறோம், யாரை அழைக்க நினைத்தே பார்ப்பதில்லை என்பதில் அந்தப் பழைய வரிசை அப்படியே இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவை எத்தனை பேர் அழைத்திருக்கிறோம்? அழைத்து, நம் வரிசையில், நம் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்?

நம்மால் முடியாததும் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் அசனப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் கொதிக்கும். ஊர் முழுக்கச் சொல்லிவிடுவோம். எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காமல் வருகிறவர்கள் வருகிற வரிசையில் உட்காருவார்கள். ஊர்ப்பெரியவர்களே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவார்கள். சாப்பிட்டவரை மறுபடி வந்தீர்களா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்த மனசு அசனப் பந்தலோடு முடிந்துபோகாமல் ஆலயத்துக்குள்ளும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம். நடு ராத்திரியில் போய்ப் பாடினாலும் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் விளக்குப் போட்டுக் கதவைத் திறக்கிறது, குழந்தைகளை எழுப்பி வாசலுக்குக் கொண்டுவருகிறது, கேசரி செய்து வைத்திருக்கிறது. இத்தனை அன்போடு நம்மைத் தம் வாசலில் வரவேற்றவர்களை, இருபத்தைந்தாம் தேதி விடியற்காலை ஆராதனைக்கு நீங்களும் வாருங்களேன் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன தடை?

அழைப்பதில் நேர்மை வேண்டும். பள்ளியில் சீட் வாங்கித் தருகிறேன், ஆஸ்பத்திரிச் செலவைச் சபை பார்த்துக்கொள்ளும் என்று ஆசை காட்டி ஒருவரைக் கூட்டிவரக் கூடாது. உதவி செய்ய முடிந்தால் அவர் ஆலயத்துக்கு வராவிட்டாலும் செய்யுங்கள். இசைக் கச்சேரி என்று சொல்லிக் கூட்டிவந்து பிரசங்கத்தில் உட்கார வைக்கவும் கூடாது. ஆராதனை என்றால் ஆராதனை என்றே சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வாரமும் போகிற இடம் இது, என் துக்கத்தையெல்லாம் கொண்டுபோய் இறக்கி வைக்கிற இடம், நீங்களும் ஒருநாள் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதற்கு மேல் பேச்சு எதற்கு? அவர் முடியாது என்றால், சரி என்று சொல்லிவிட்டு முன்போலவே பழகுங்கள். ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று துளைக்க வேண்டாம். அவரைத் தொடுவதும் திருப்புவதும் தேவனுடைய வேலை. அவர் வீட்டில் கூப்பிட்டால் நீங்கள் போங்கள். பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் புது வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போங்கள். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறுங்கள்.

அழைக்கப்படாமல் இருக்கிறவர்கள் எல்லோரும் வெளியாட்களும் இல்லை. இந்தச் சபையின் புத்தகத்தில் பெயர் இருந்தும் வராதவர்கள் இருக்கிறார்கள். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்ட பெண், விவாகரத்து ஆன தம்பி, தொழில் நொடித்துப் போய்க் கடன்காரர் முகத்தில் விழிக்க அஞ்சுகிறவர், ஏதோ ஒரு சண்டையில் வார்த்தை வாங்கிக்கொண்டு போன குடும்பம். அவர்களுக்கு ஆலயத்தின் வழி தெரியும், பாட்டெல்லாம் மனப்பாடம். ஒருவர் வந்து கதவைத் தட்டி, இந்த ஞாயிறு சேர்ந்து போவோம் என்று சொல்ல மாட்டாரா என்று காத்திருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஒரே பந்தியில் சேராமல் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அப்படிப் பிறந்த சபையில் இருந்துகொண்டு ஒரு குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாமா?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் ஆலயத்துக்குப் பின்தெருவில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். தகரக் கொட்டகையில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஜார்க்கண்ட் தம்பிகள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். முண்டா, ஒராவோன் பழங்குடி மக்கள். கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறார்கள். 1845இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷன் வளர்த்த லுத்தரன் சபைப் பிள்ளைகள் அவர்கள். நாலைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் மணியோசை அவர்கள் கொட்டகைக்குக் கேட்கிறது. ஆனால் வாசல்வரை வந்து, நம் உடுப்பையும் கார்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். பாஷை தெரியாது, யாரும் கூப்பிடவும் இல்லை என்றார்கள்.

கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இந்த ஆலயத்தை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். இந்தியிலோ சாதிரி மொழியிலோ அவர்களே பாடட்டும், அவர்களே ஜெபிக்கட்டும். நம்மில் பத்துப் பேர் போய்ப் பக்கத்தில் உட்காருவோம். வாலிபர் சங்கத்தில் இந்தி தெரிந்த தம்பிகள் இரண்டு பேர் நாளைக்கே கொட்டகைக்குப் போய் அழைத்துவிட்டு வரட்டும். அன்றைக்குச் சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மா கூட்டம் தொடங்குவதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார்கள்.